உமது சமயம் யாது? – கல்கத்தா, 1872 முதல் 1897 வரை

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கல்கத்தா நகரின் வடபகுதியிலுள்ள சோபாபஜார் அரச குடும்பத்தாரின் மாளிகையில் ஒரு பெரிய சிராத்தம் நடைபெற்றது. அக்குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் காலமானதையொட்டி நடந்த சடங்கு அது. வங்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பண்டிதர்கள் பெருந்திரளாக வந்திருந்தனர். குலதெய்வமான கோபிநாதரின் திருவுருவம் வெள்ளிச் சிங்காதனத்தில் எழுந்தருளியிருந்தது. ஆங்கிலக் கல்வியில் தேர்ந்த நகரப் பெருமக்களும் வந்து அமர்ந்திருந்தனர். இச்செய்தி நாளிதழில் வெளியாயிற்று. அதைப் படித்துச் சினங்கொண்ட ஒருவர் 'ஸ்டேட்ஸ்மன்' இதழுக்குக் கடிதங்கள் எழுதலானார். அவர் பெயர் வில்லியம் ஹேஸ்டி. ஸ்காட்லாந்து திருச்சபையைச் சேர்ந்த பாதிரியார். ஜெனரல் அசெம்பிளீஸ் கல்லூரியின் முதல்வர். ஹேதுவாக் குளத்தருகே செல்லும் தமிழன்பர்கள் இன்றும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி என்ற பெயரில் அந்த நிறுவனத்தைக் காணலாம்.

பண்டிதர்கள் சிலையை வணங்கியது பாதிரியாருக்கு வியப்பன்று. மில்லையும் ஸ்பென்சரையும் கற்ற கனவான்கள் அங்குப் போய் உட்கார்ந்ததே அவரால் பொறுக்க முடியாததாக இருந்தது. ஆங்கிலக் கல்வி புகுந்த இடத்தில் விக்கிரக வழிபாடு தானே உதிர்ந்துவிடும் என்பது அந்நாளைய மிஷனரிமார்களின் உறுதியான எதிர்பார்ப்பு. கல்வி புகுந்து அரை நூற்றாண்டு கழிந்தது, விக்கிரகம் உதிரவில்லை. எனவே அவர் வினவியதன் கருத்து இதுதான்: கற்றவர்களே, உங்கள் சமயந்தான் யாது?

இக்கேள்வியை முதலில் கேட்டவர் ஹேஸ்டி அல்லர். பத்தாண்டுகளாகவே கல்கத்தா அதைப் பல வாயில்களிலிருந்தும் கேட்டுவந்தது. அந்நாளில் அந்நகரே பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம். சட்டம் பிறந்ததும் அங்கேதான். 1858-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் பிரகடனம், குடிகளின் சமய நம்பிக்கையில் அரசு தலையிடாது என வாக்களித்திருந்தது. ஆனால் தலையிடாமல் இருப்பதற்கும் ஒருவன் எச்சமயத்தவன் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? வாரிசுரிமை எந்தச் சட்டப்படி, திருமணம் எந்த வழக்கப்படி என்று நீதிமன்றம் தீர்மானிக்கச் சமயத்தின் பெயர் வேண்டியிருந்தது. 1871–72-இல் எடுத்த முதற் குடிக்கணக்கிலும், நாடு முழுதும் ஒரே சமயத்தில் 1881-இல் எடுத்த கணக்கிலும் சமயத்துக்கென ஒரு கட்டம் இருந்தது. இங்கிலாந்தின் குடிக்கணக்கிலோ 2001 வரை மக்களிடம் சமயத்தைக் கேட்கும் வழக்கமே இல்லை. 1851-இல் மட்டும் தேவாலயங்களுக்கு வந்தோரின் தொகையைத் தனியே எடுத்துப் பார்த்தனர். தன் வீட்டில் கேட்கத் தயங்கிய கேள்வியை ஆளப்பட்ட நாட்டில் வீடு வீடாகச் சென்று கேட்டது அப்பேரரசு.

அக்கேள்வி எத்தகைய இடர்ப்பாட்டை விளைவித்தது என்பதற்கு 1872-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. பிரம்ம சமாஜத்தார் விக்கிரகமின்றி, ஹோமமின்றித் தங்கள் திருமணங்களை நடத்திவந்தனர். இத்திருமணங்கள் சட்டப்படி செல்லா என்று அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். கேசவ சந்திர சேனர் அரசை அணுகிச் சட்டம் ஒன்று வேண்டினார். சர் ஹென்றி மெய்ன் 1868-இல் பொதுவான ஒரு மசோதாவைக் கொணர்ந்தார்; பிறந்த சமயத்தில் இருந்துகொண்டே அதன் திருமண விதியை விட்டு விலக இது வழிசெய்யும் என்று பல தரப்பினரும் எதிர்த்தனர். அடுத்து வந்த சட்ட உறுப்பினரான ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், பிரம்ம சமாஜத்தாருக்கு மட்டும் என அதைச் சுருக்கினார். உடனே தேவேந்திரநாத் தாகூரின் ஆதி பிரம்ம சமாஜத்தார், "நாங்களும் இந்துக்களே, எங்களுக்கு இச்சட்டம் வேண்டா" என முறையிட்டனர். ஒரே சமாஜத்தின் இரு கிளைகள். ஒன்று சட்டம் கேட்கிறது, மற்றொன்று மறுக்கிறது. அரசு கண்ட முடிவு விசித்திரமானது. கிறித்தவம், யூதம், இந்து, இஸ்லாம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம் என்னும் எட்டில் எதையும் தாம் பின்பற்றவில்லை என்று மணமக்கள் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அப்போதுதான் திருமணம் பதிவாகும்.

கடவுள் ஒருவரே என்று காலையும் மாலையும் பாடிய அடியார்கள், பதிவாளர் முன்னிலையில் தாங்கள் இன்னின்னதல்ல என்று அறிவிக்கவேண்டி வந்தது. தாங்கள் யார் என்று சொல்ல அப்படிவத்தில் இடமில்லை! அதே ஆண்டில் ஆதி சமாஜத்தைச் சேர்ந்த ராஜநாராயண வசு, தேவேந்திரநாதரின் தலைமையில் இந்து தர்மத்தின் மேன்மை என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவாற்றினார். உருவ வழிபாட்டை விட்டு நெடுங்காலமான ஒருவர் இந்து என்னும் பெயரை இவ்வளவு உரக்க எடுத்துப் பேசியதற்கு அச்சட்டமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மணமக்களை அவ்வறிவிப்பினின்று விடுவித்தது. 1954-இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் பழைய சட்டத்தையே நீக்கியது.

கேசவருக்கு அச்சட்டம் வேறு விதத்திலும் வினையாயிற்று. மணமகளுக்குக் குறைந்தது 14 வயது என அதில் விதிக்கப்பட்டிருந்தது. 1878-இல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் வற்புறுத்தலால், 14 நிரம்பாத தம் மகள் சுநீதியைக் கூச்பிகார் இளவரசருக்கு அவர் மணமுடித்தார். கூச்பிகார் சுதேச சமஸ்தானமாதலால் சட்டம் அங்குச் செல்லாது. எனினும் சீடர்களின் மனம் ஒப்பவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சாதாரண பிரம்ம சமாஜம் தனியே பிரிந்தது. ஆங்கில ஆட்சியை இறைவனின் திருவருட் செயலெனப் போற்றியவரை அந்த ஆட்சியின் நட்பே இடறிற்று.

முஸ்லிம்களிடம் இக்கேள்வி இன்னும் கடுமையான குரலில் கேட்கப்பட்டது. இராணியை எதிர்த்துக் கலகம் செய்யும்படி அவர்களுடைய சமயம் அவர்களைக் கட்டாயப்படுத்துகிறதா என்பதே 1871-இல் வெளிவந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரின் நூல் ஆராய்ந்த பொருள். அவ்வாண்டு செப்டம்பரில் தலைமை நீதிபதி நார்மன் கல்கத்தா டவுன் ஹாலின் படிகளில் ஒரு முஸ்லிமால் குத்திக் கொலையுண்டதும், ஆங்கிலேயரிடையே அவ்வையம் அச்சமாக மாறிற்று. இதற்கு முந்திய ஆண்டிலேயே, நவாப் அப்துல் லத்தீபின் முகம்மதிய இலக்கியச் சங்கத்தில் மௌலவி கராமத் அலி, ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிடுவது மார்க்கத்துக்கு உகந்ததன்று என்று உரைத்திருந்தார். பின்னர்க் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியான சையது அமீர் அலி, 1891-இல் 'இஸ்லாத்தின் ஆன்மா' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். ஐரோப்பியர் தம் நபியின்மீது சுமத்திய குற்றங்களை ஐரோப்பியரின் வரலாற்று முறையைக் கொண்டே அதில் அவர் மறுத்தார்.

இனி ஹேஸ்டிக்கு விடையளித்தவரிடம் வருவோம். 'ராமசந்திரா' என்ற புனைபெயரில் 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலேயே மறுமொழிகள் வந்தன. எழுதியவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1858-இல் பட்டம் பெற்ற முதல் இருவரில் ஒருவர். அரசாங்கத்தின் டெபுடி மாஜிஸ்திரேட். உத்தியோகத்தில் இருப்பவர் வெள்ளைப் பாதிரியாரோடு வெளிப்படையாக வழக்காடுவது எளிதன்று. புனைபெயருக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. அவர் கடிதங்களில் ஏளனம் மிகுதி. ஏளனத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஓர் ஆழ்ந்த வாதம் தென்படுகிறது. ஒரு சொல்லுக்கு மற்றொரு மொழியில் சொல் கிடைக்கலாம். ஆனால் அச்சொல்லின் பின்னால் நிற்கும் எண்ணம் அம்மக்களிடம் இல்லையாயின் அதை எங்ஙனம் பெயர்ப்பது? வடமொழி நூல்களை மொழிபெயர்ப்பில் படித்த ஐரோப்பியப் புலமை இந்து சமயத்தை எட்டாது என்று அவர் கூறினார். நம்புகிறவர்களிடம் வந்து கற்றுக்கொள்ளுமாறு பாதிரியாரை அழைத்தார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வாதம் சற்றுச் சுடத்தான் செய்கிறது. நம் தமிழையே பாருங்கள். 'சமயம்' என்பது காலத்தையும் குறிக்கும். 'மதம்' என்பது கொள்கையையும் குறிக்கும், யானையின் வெறியையும் குறிக்கும். 'நெறி' என்றால் வழி. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து படிவத்தின் கட்டத்தில் இடும்போது ஏனையவை வெளியே நின்றுவிடுகின்றன. வங்காளியாகிய பங்கிமுக்கு வாய்த்தது 'தர்மம்' என்னும் சொல். ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு அதைக் குறுக்க அவர் மனம் இடந்தரவில்லை; 1888-இல் நூலாக வந்த 'தர்மதத்துவ'த்தில், மனிதனின் ஆற்றல்கள் அனைத்தையும் பழக்கி ஒழுங்குபடுத்தும் முயற்சியே தர்மம் என்று விரித்தார். இந்து என்னும் பெயரே பிறர் இட்டது, அதன்கீழ்ப் பல நம்பிக்கைகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். இதுபற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதத் தொடங்கிய கடிதங்கள் முற்றுப்பெறவில்லை. அவர் மறைந்த பிறகே அச்சேறின.

இங்கே ஒரு விந்தை உண்டு. ஐரோப்பியருக்கு நம் சமயம் புரியாது என்ற பங்கிம், தம் கருத்துக்கு ஆதாரமாக ஐரோப்பியரையே நாடினார். 1884-இல் வெளியான அவருடைய 'தேவி சௌதுராணி' நாவலின் முகப்பில் இருவரின் வாசகங்கள் உள்ளன. ஒருவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட். மற்றவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீலி. ஆங்கிலப் பேரரசின் வளர்ச்சியைப் பற்றி 1883-இல் புகழ்பெற்ற நூலை எழுதிய அதே சீலி, அதற்கு முந்திய ஆண்டில் இயற்கைச் சமயம் குறித்தும் எழுதியிருந்தார். டார்வினுக்குப்பின் ஐரோப்பாவிலேயே கிறித்தவம் கேள்விக்குள்ளாகி, சமயம் என்றால் என்ன என்று அங்கும் தேடிக்கொண்டிருந்தனர். மாக்ஸ் முல்லர் 1870-இல் இலண்டனில் சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் புதிய இயலைப்பற்றிச் சொற்பொழிந்தார். கீழ்நாட்டுத் திருநூல்களின் ஆங்கில வரிசையை 1879 முதல் வெளியிட்டார். பாதிரியாருக்குத் தம் ஊரிலேயே தரை ஆடிக்கொண்டிருந்தது. பங்கிம் அதை நன்கு அறிந்திருந்தார்.

எனினும் இவ்விடை இலவசமாகக் கிடைத்ததன்று. 1886-இல் வந்த 'கிருஷ்ண சரித்திர'த்தில் கண்ணன் வரலாற்று நாயகனாகவும் முழு மனிதனாகவும் நிற்கிறான். ஆய்ச்சியரோடு ஆடிய கதைகளையும் அற்புதங்களையும் பிற்காலத்துச் சேர்க்கை என்று பங்கிம் பெரும்பாலும் கழித்துவிட்டார். ஆழ்வார்களின் பாசுரங்களில் வளர்ந்த நமக்கு அந்தக் கண்ணன் சற்று அந்நியனாகவே தோன்றுவான். வெண்ணெய் திருடாத கண்ணனை ஹேஸ்டியின் முன் கூசாமல் நிறுத்தலாம். தொட்டிலில் இட்டுத் தாலாட்டுவது கடினம்.

அதே ஆண்டுகளில், நகருக்கு வடக்கே தட்சிணேசுவரத்தில், ஆங்கிலம் அறியாத பூசகர் ஒருவர் காளியைத் தாயாகவே கண்டு பேசிக்கொண்டிருந்தார். படிவமும் பத்திரிகையும் கேட்ட கேள்வி இராமகிருஷ்ணரை எட்டவேயில்லை. 1875-இல் அவரைச் சந்தித்த கேசவர், தம் பத்திரிகை வாயிலாக நகரத்துக்கு அவரை அறிமுகம் செய்தார். ஹேஸ்டியும் இக்கதையில் எதிர்பாராமல் மீண்டும் தலைகாட்டுகிறார். வகுப்பில் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைப் பாடம் சொல்லும்போது, மெய்ம்மறந்த நிலைக்கு உதாரணமாகத் தட்சிணேசுவரத்துப் பரமஹம்சரை அவர் சுட்டினார் என்றும், நரேந்திரநாத் தத்தர் என்னும் மாணவர் அதைக் கேட்டார் என்றும் விவேகாநந்தரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

இக்கேள்வி கல்கத்தாவோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இதை முன்னரே எதிர்கொண்டிருந்தார். பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கி, அச்சுக்கூடம் நிறுவி, சைவத்தை வினாவிடை நூலாகவே எழுதிச் சிறுவர் கையில் கொடுத்தார். கிறித்தவர் கைக்கொண்ட கருவிகளே அவர் கைக்கும் வந்தன. ஆனால் பங்கிமைப்போல் அவர் சடங்கையும் திருவுருவையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகமமே அவருக்கு அரண். நரேந்திரர் துறவியாகி நம் நாட்டுக்கு வந்தபோது, சென்னையில் பச்சையப்பன் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஆதரித்தார். 1893 செப்டம்பரில் சிகாகோவில் சர்வசமய மாநாடு கூடியது. அங்குச் சமயங்கள் நாடுகளைப்போல் ஒவ்வொன்றும் தன் பிரதிநிதியோடு வரிசையில் அமர்ந்தன. கல்கத்தாவிலிருந்து பிரம்ம சமாஜத்தின் பிரதாப் சந்திர மஜும்தாரும் சென்றிருந்தார். இலங்கையின் அநகாரிக தர்மபாலர் பௌத்தத்துக்காகப் பேசினார். குடிக்கணக்கின் கட்டம் அந்த மேடையில் நாற்காலியாக மாறியிருந்தது. அந்த நாற்காலியில் அமர்ந்த இளந்துறவியோ, எல்லாச் சமயங்களும் உண்மையே என்று தம் ஆசிரியர் கண்டதை அங்குச் சொன்னார்.

1897 ஜனவரி 26 அன்று அவர் பாம்பனில் இறங்கினார். பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னை. அம்மாத இறுதியில் கல்கத்தா. 28-ஆம் தேதி அவருக்கு நகரத்தார் வரவேற்பு அளித்த இடம், அதே சோபாபஜார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா ராதாகாந்த தேவரின் மாளிகை. திரண்டிருந்தோர் பெரும்பாலும் கல்லூரி கற்ற வங்காளிகள். விவேகாநந்தர் அவர்களிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். ஹேஸ்டி அப்போது கல்கத்தாவில் இல்லை. கான்ட் முதலிய ஜெர்மானியரின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புகழ்பெற்று, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக அமர்ந்திருந்தார்.