வெறும் வண்டி மீளலாமா?

பொருளை விளைவிப்பது ஒரு கலை. அதனை வேண்டுவார்க்கு வேண்டுமிடத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொரு கலை. இவ்விரண்டாம் கலை தமிழர்க்குப் புதியதன்று. உமணர் தம் உப்பு வண்டிகள் நிரையாகச் சென்றதைச் சங்கப் பாடல்கள் கூறும். உப்பை விற்று நெல்லொடு மீண்ட படகுகளைப் பட்டினப்பாலை காட்டும். கலம் வெறிதே மீளவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பேராக் மாநிலத்துச் சித்தியவானை ஒட்டிய கரையோரப் பகுதி, 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் டிண்டிங்ஸ் என்னும் பெயரால் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்ற ஆட்சியில் இருந்தது; 1935-இல் மீண்டும் பேராக்குடன் இணைந்தது. 1903-இல் பூச்சௌ சீனர் சித்தியவானுக்குக் கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் வந்து குடியேறினர். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழர் பால்மரம் வெட்டினர்.

அந்நாளில் மலாயாவில் படகுகளும் மாட்டு வண்டிகளும் சரக்கைச் சுமந்தன. வண்டி ஓட்டியோருள் தமிழர் பலர். சிங்கப்பூரின் ‘கிரேத்தா ஆயர்’ பகுதி, தண்ணீர் சுமந்த மாட்டு வண்டிகளால் பெயர் பெற்றது. அவ்வாழ்வு இனியதென்று கூறுவதற்கில்லை; மாடும் மனிதனும் ஒருங்கே தேய்ந்தனர். ஆயினும் நடை மெதுவாயிருந்தமையால், வண்டி நிறையாமல் புறப்படுவது கட்டுப்படியாகவில்லை.

லாரி வந்தபின் அச்சிக்கனம் மறைந்தது. ஒரே கடைவரிசைக்கு அரிசிக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்றெனத் தனித்தனி வண்டிகள் வருகின்றன. சுமை பாதியாயினும் புகை பாதியாவதில்லை. அப்புகையைக் கடைக்காரரும் பள்ளி செல்லும் பிள்ளைகளுமே சுவாசிக்கின்றனர்.

இதற்குத் தீர்வு தேடிய நகரங்கள் உள. சென்னையின் நெரிசல் மிகுந்த கொத்தவால் சாவடிச் சந்தை, 1996-இல் 295 ஏக்கர் பரப்புள்ள கோயம்பேட்டு வளாகத்திற்கு மாறியது. பெரிய லாரிகள் பழைய தெருக்களை விட்டு விலகின. எனினும் அங்கிருந்து கடைக்குக் கடை செல்லும் சிறு வண்டிகளின் சிக்கல் எஞ்சியது. அதே 1996-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரம், கால்வாயோர உணவகங்களுக்குப் பலருடைய சரக்கையும் ஒரே படகில் ஏற்றி அனுப்பத் தொடங்கியது. 2010-இல் மின்படகும் வந்தது.

சித்தியவானுக்கு இவற்றால் விளங்கும் பாடம் எளிது. ஊரெல்லையில் ஒரு பொதுக்கிடங்கு. அங்குச் சரக்கை ஒன்றுசேர்த்து, பள்ளி தொடங்குமுன் கடைகளுக்கு வழங்கும் மின்வண்டிகள். மீளும்போது காலிப் பெட்டிகளும் அட்டைகளும். கிடங்கின் செலவைச் சிறுகடைக்காரர் தலையில் மட்டும் சுமத்தினால் இம்முயற்சி நிலைக்காது. மொத்த வணிகரும் நகராண்மையும் பங்கேற்றல் வேண்டும்.

பழைய வண்டியை மீண்டும் பூட்ட வேண்டுவதில்லை. அதன் அறிவை மட்டும் பூட்டினால் போதும்: நிறைந்து செல்க, நிறைந்தே மீள்க.