தற்செயல் என்னும் தரகர்

நாவல் எழுதுகிறவன் சினிமாக் கதாசிரியனைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குக் காரணங்கள் பல உண்டு. பணத்தையும் புகழையும் விட்டுத் தள்ளுங்கள். நான் பொறாமைப்படுவது அவனுக்கு இருக்கும் ஒரே ஒரு சலுகைக்காகத்தான். அவன் எத்தனை தற்செயல்களை வேண்டுமானாலும் அள்ளி வீசலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

என் நாவலில் கதாநாயகன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குடையைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டு பழனி பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் பொறுத்துக்கொள்வார். மறுநாள் அவன் வேலைக்குச் சேரும் ஆபீஸில் அவளும் இருந்தாள் என்று எழுதினால் புருவத்தை உயர்த்துவார். அவள் வீட்டு மாடிதான் அவனுக்கு வாடகைக்குக் கிடைத்தது என்றும் எழுதினாலோ, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார். ஆனால் அதே வாசகர் அன்று மாலை குடும்பத்தோடு சினிமாவுக்குப் போவார். இந்த மூன்று சங்கதிகளையும் இடைவேளைக்கு முன்பே பார்த்துக் கைதட்டி ரசித்துவிட்டு வருவார்!

நிஜ வாழ்வில் அந்த பஸ் ஸ்டாண்டை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வத்தலக்குண்டுக்கும் நத்தத்துக்கும் வேடசந்தூருக்கும் கரூருக்கும் ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் வாழ்வு மற்றொருவர் வாழ்வைத் தொடுவது எப்போது? சில்லறை இல்லாத கண்டக்டர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்து இறக்கிவிடும்போதுதான்! அந்த நோட்டை மாற்றிக்கொண்டதும் இருவரும் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுகிறார்கள். நிலைமை இப்படி இருக்க, காதல் நகைச்சுவைப் படத்தில் மட்டும் தற்செயலை நாம் ஏன் மனமார நம்புகிறோம்?

யோசித்துப் பார்த்தால், இந்தச் சலுகையைக் கொடுத்தது சினிமா அல்ல என்று தெரிகிறது. அது தமிழில் வெகு காலத்துச் சரக்கு. இறையனார் களவியலுக்கு எழுதப்பட்ட பழைய உரையில் ஓர் அற்புதமான உவமை வருகிறது. ஒரு நுகத்தடியை வடகடலில் போட்டார்கள். அதன் துளையில் செருக வேண்டிய கழியைத் தென்கடலில் போட்டார்கள். இரண்டும் அலைகளில் அலைந்து திரிந்து, ஒரு நாள் எங்கோ சந்தித்து, கழி தானாகவே அந்தத் துளையில் போய்க் கோத்துக்கொண்டது. தலைவனும் தலைவியும் முதன்முதலில் சந்தித்தது அப்படித்தானாம். மாணிக்கவாசகரும் திருக்கோவையாரில் இதே உவமையை எடுத்தாள்கிறார். அவர் கீழ்கடலையும் மேல்கடலையும் வைத்துக்கொண்டார். கடல் எதுவானால் என்ன? நடக்கவே முடியாத ஒன்று நடந்திருக்கிறது, ஆகவே இது மனிதர் செய்த காரியம் அல்ல என்பதுதான் உவமையின் சாரம். தொல்காப்பியரும் காதலர் இருவரும் கண்டுகொள்வது ‘பால்’ என்ற விதியின் ஆணையால் என்றே இலக்கணம் வகுத்தார்.

குறுந்தொகையில் ஒரு புலவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் காதலுக்கு உவமை சொன்னதால் ‘செம்புலப்பெயனீரார்’ என்று அந்த உவமையாலேயே அவரை அழைக்கிறோம். திண்டுக்கல் பக்கத்துச் செவல் காடுகளில் ஒரு கோடை மழை பெய்து பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு உரை தேவையில்லை. நிறம் மாறி ஓடும் அந்த நீரிலிருந்து மண்ணை யார் பிரிப்பது? ஆனால் அந்தப் பாட்டில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. காதலர் இருவருக்கும் எந்த உறவு முறையும் இல்லை என்பதை அந்தப் புலவர் வற்புறுத்திச் சொல்லிவிடுகிறார். அந்நியர்கள் அந்நியர்களாகவே சேர்ந்தார்கள் என்பதுதான் அவருக்குப் பெருமை.

இனி வெள்ளித்திரைக்கு வருவோம். 1955-ல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் விஜயா புரொடக்‌ஷன்ஸார் எடுத்த ‘மிஸ்ஸியம்மா’வைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. வேலையில்லாத ஓர் இந்து வாலிபனும் வேலையில்லாத ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். கணவனும் மனைவியுமாக வந்தால்தான் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம். ஆகவே தம்பதிகளாக நடிக்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் சண்டை போடப் போட நமக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் ஒரு முள்ளும் குத்துகிறது: இந்த இரண்டு பேரும் எப்படிச் சேரப் போகிறார்கள்? மதம் குறுக்கே நிற்கிறதே!

கவலை வேண்டாம். தற்செயல் மறுபடி வருகிறது. மேரி என்ற அந்தப் பெண், பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரியவரின் மூத்த மகளாம். சிறு வயதில் தொலைந்து போன மகாலட்சுமியாம்! தங்கவேலுவின் துப்பறியும் வேலைக்கும் பலன் கிடைத்துவிடுகிறது. எல்லோருக்கும் பரம திருப்தி. அந்நியப் பெண் அந்நியளே அல்ல, நம் வீட்டுப் பெண்தான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1964-ல், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. பணக்கார மாப்பிள்ளை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பாலையாவை ஏமாற்ற ரவிச்சந்திரன் ஒரு பொய் சொல்கிறார். தம் நண்பர் முத்துராமனைப் பணக்காரத் தகப்பனாராக வேஷம் போட்டு வரச் சொல்கிறார். வந்த இடத்தில் பார்த்தால், முத்துராமன் ஏற்கெனவே காதலிக்கும் பெண் அதே பாலையாவின் மூத்த மகள்! வெள்ளைத் தாடியோடு காதலியின் முன்னால் நிற்க வேண்டிய நிலை. தமிழ்ச் சினிமாவில் தற்செயலை இவ்வளவு கச்சிதமாக வைத்துத் தைத்த கதை வேறு இல்லை என்பேன். இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். வேஷம் போட்ட அந்த முத்துராமன் நிஜமாகவே செல்வர் வீட்டுப் பிள்ளைதான். பாலையா கேட்ட மாப்பிள்ளைகளில் ஒருவராவது அவருக்குக் கிடைத்துவிடுகிறார்.

இதே ஸ்ரீதர் இரண்டு ஆண்டு முன்னதாக, 1962-ல், ‘போலீஸ்காரன் மகள்’ எடுத்தார். அது வத்தலக்குண்டில் பிறந்த பி. எஸ். ராமையாவின் நாடகம். ஏழைப் போலீஸ்காரரின் மகளும் பணக்கார வாலிபனும் காதலிக்கிறார்கள். அவளைத் தொலைந்து போன செல்வர் மகளாக்குவதற்கு அங்கே எந்தத் தற்செயலும் வரவில்லை. கதை கண்ணீரில் முடிகிறது. தற்செயல் வந்தால் நகைச்சுவை, வராவிட்டால் சோகம். திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த ராமையாவுக்கு எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

பழைய உவமைக்கும் இந்தப் படங்களுக்கும் நடுவே என்ன மாறிவிட்டது என்பது இப்போது விளங்கும். நுகமும் கழியும் ஒரே ஒரு முறைதான் சந்தித்தன. சினிமாவில் தற்செயல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை வரும்போது காதலர்களுக்காக வருகிறது. இரண்டாம் முறை வரும்போது பெற்றோருக்காக வருகிறது.

முதல் வருகைக்கு நான் நன்றி சொல்வேன். மாமன் மகள், அத்தை மகன் என்று தொட்டிலிலேயே முறை பேசி வைக்கிற ஊர்கள் நிறைந்த சமவெளி இது. ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி. பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண், தானாகத் தேடிப் போய் ஒருவனை விரும்பினாள் என்று கதை சொன்னால் கொட்டகையில் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள். அவள் தேடவில்லை, குடை மாறிப்போயிற்று என்று சொன்னால் சரி என்பார்கள். பழியைத் தற்செயல் ஏற்றுக்கொள்கிறது. கமிஷனும் வாங்காமல், அகப்பட்டால் அடியையும் தானே வாங்கிக்கொள்ளும் கல்யாணத் தரகர் வேறு எங்கே கிடைப்பார்?

அந்தக் கொட்டகையே ஒரு தற்செயல் சந்திப்பு அல்லவா? எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே காட்சியைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இடத்தை நிர்ணயித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டு என்றும் இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். பூட்டுக்குப் பெயர் போன ஊரிலும் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது.

இரண்டாம் வருகையைப் பற்றித்தான் எனக்கு வழக்கு. அந்நியர் இருவரைச் சேர்த்து வைத்துவிட்டு, கடைசி ரீலில், இவர்கள் அந்நியரே அல்ல என்று சொல்வது என்ன நியாயம்? மேரி மேரியாகவே இருந்திருந்தால் அந்தப் பெரியவர் ஆசீர்வாதம் செய்திருப்பாரா? படம் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலை நாசூக்காக விழுங்கிவிடுகிறது. நாமும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறோம்.

வெளியே இரண்டாம் தற்செயல் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், ஜாதி விட்டு ஜாதி மணம் செய்துகொண்ட ஓர் இளம் தம்பதியைப் பட்டப்பகலில் கடைத்தெருவில் வெட்டினார்கள். கணவர் இறந்தார். மனைவி பிழைத்தார். அவருடைய ஊர் இந்த மாவட்டத்துப் பழனி. அவர்கள் சந்தித்ததும் ஒரு கல்லூரியில், எல்லோரையும் போலத் தற்செயலாகத்தான். அந்த இளைஞர் தொலைந்து போன யாருடைய பிள்ளையாகவும் கடைசி நிமிஷத்தில் மாறவில்லை.

இந்த இரண்டாம் தற்செயலை வேண்டாம் என்று தள்ளிய படம் ஒன்று 1996-ல் வந்தது. அதுதான் அகத்தியனின் ‘காதல் கோட்டை’. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அது அவருக்குப் பெற்றுத் தந்தது. ரயிலில் ஒரு பெண் தன் சான்றிதழ்களைப் பறிகொடுக்கிறாள். அவை ஜெய்ப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞன் கையில் அகப்படுகின்றன. அவன் அவற்றைத் தபாலில் அனுப்பி வைக்கிறான். நன்றிக் கடிதம், பதில் கடிதம் என்று வளர்ந்து, முகம் பாராமலே காதல் பிறக்கிறது. கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பெற்ற மொழியில் முகம் பாராத அன்பு புதிதல்ல. புதிது எது என்றால், பிற்பாதியில் தற்செயல் வேண்டுமென்றே தோற்றுப்போவதுதான். இருவரும் சென்னையில் எதிரெதிரே வருகிறார்கள். அவன் ஓட்டும் ஆட்டோவில் அவளே ஏறி உட்காருகிறாள். ஆயினும் யாரென்று தெரியாமல் சண்டைதான் போடுகிறார்கள்! அமெரிக்காவில் 1940-ல் லூபிட்ச் எடுத்த ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ என்ற படத்திலும், கடிதத்தில் காதலர்களான இருவர் ஒரே கடையில் வேலை பார்த்துக்கொண்டு தினமும் முட்டிக்கொள்வார்கள். தற்செயல் ஆட்களைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும், கண்ணைத் திறந்துவிடாது. காதல் கோட்டையில் கடைசியில் அவள் கண்ணைத் திறப்பது, அவளே ஆசையோடு அவனுக்கு அனுப்பிய உடுப்பு. கண்டெடுத்த சான்றிதழ்களை அவன் குப்பையில் போட்டிருந்தால் கதையே இல்லை. தற்செயலுக்கு அப்புறம் மனிதர் ஏதாவது செய்தாக வேண்டும்.

இதற்கு ஒரு நிஜமான சாட்சி திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டி ஓரத்தில் இருக்கிறது.

தென்னாட்டில் பஸ்களை ஓட்டிப் பெயர் பெற்ற டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம். சிறு வயதிலேயே மணமாகி, டாக்டரான கணவரை இளமையிலேயே இழந்தார். படிக்க வேண்டும் என்று டில்லிக்குப் போய் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர் சுசீலா நய்யார். அந்தச் சிநேகிதத்தால் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. காந்தியடிகளைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவர் ஜி. ராமச்சந்திரன் என்ற மலையாளி. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பிறந்து சாந்திநிகேதனில் படித்தவர். எத்தனை தற்செயல்கள் பாருங்கள்! ஒரு கணவரின் மரணம், ஒரு கல்லூரி, ஒரு தோழி. நாவலில் நான் இப்படி எழுதினால் நீங்கள் விடமாட்டீர்கள்.

இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். பெண் விதவை; மாப்பிள்ளை வேறு ஜாதி, வேறு மொழி. பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஊர் ஊராக அந்நியர்களை ஏற்றிச் சென்ற பஸ்களின் சொந்தக்காரர் வீட்டிலும் அந்நியருக்குக் கதவு திறக்கவில்லை. காந்திஜி ஒரு யோசனை சொன்னார். ஒரு வருஷம் இருவரும் பிரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளலாம்.

எந்தக் கதாசிரியனும் இப்படி ஒரு வருஷத்தை எழுதத் துணியமாட்டான். ரயிலில் சந்திப்பு இல்லை, குடை மாறவில்லை. தற்செயலுக்கே ஒரு வருஷம் லீவு! சந்தர்ப்பம் சேர்த்து வைத்ததா, இவர்களே விரும்பிச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுகிற சோதனை அது. ஒரு வருஷம் கழிந்தது. மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தியடிகள், கஸ்தூரிபா இருவரின் ஆசியோடு திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தூரத்து உறவு என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மலையாளியாகவே இருந்தார். அந்த அம்மாள் மதுரை அய்யங்கார் வீட்டுப் பெண்ணாகவே இருந்தார்.

1947-ல் இருவரும் சேர்ந்து சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கிராமக் கைத்தொழில்கள் என்று அது வளர்ந்தது. அங்கே எழுந்த கிராமிய உயர்கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் அம்மையார் 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போய், மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

அந்தப் பழைய உரையாசிரியர் உவமைக்கு ஏன் நுகத்தடியைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மோதிரமும் மாலையும் அழகான பொருள்கள். அவற்றை விட்டுவிட்டு மாட்டின் கழுத்தில் ஏறுகிற மரத்துண்டை எடுத்தாரே! எங்கள் சமவெளி விவசாயியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்: நுகத்தில் கழி கோத்தாயிற்று என்றால், இனி மாட்டைக் கட்டி உழ வேண்டியதுதான்.