கொங்காணி

உரச்சாக்கைக் கத்தியால் கிழிக்கிறவன் சம்சாரியே இல்லை என்பாள் அம்மாச்சி. வாய்த்தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் சரசரவென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். அந்த நூலைச் சுருட்டி வைத்துப் பூக் கட்டுவாள். உரம் வயலுக்குப் போனதும் சாக்கை வாய்க்காலில் அலசி வேலியில் காயப்போடுவாள். அதற்கப்புறம்தான் சாக்குக்கு உண்மையான சோலி.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர். இரண்டு போகம் என்றால் மண்ணுக்கும் இரண்டு வேளைத் தீனி வேண்டும். அறுபதுகளின் கடைசியில் ஐ.ஆர்.8 மாதிரியான குட்டை ரகங்கள் வந்தபோது சாணமும் தழையும் பத்தவில்லை. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966-லும் தூத்துக்குடியில் ஸ்பிக் 1969-லும் தொடங்கப்பட்டன. மலைக்கு அந்தப் பக்கம் ஆலுவா அருகே இருந்த ஃபாக்ட் இவற்றுக்கு மூத்தது. பசுமைப் புரட்சி பற்றி எழுதுகிறவர்கள் விதையை எழுதுகிறார்கள், உரத்தை எழுதுகிறார்கள், கடனைக்கூட எழுதுகிறார்கள். சாக்கை யாரும் எழுதுவதில்லை.

சணல் சாக்கு போய் நெய்த பிளாஸ்டிக் சாக்கு வந்ததுதான் எங்கள் வீடுகளுக்குப் பெரிய மாற்றம். சணல் நனைந்தால் கனக்கும், மக்கும். இது இரண்டும் செய்யாது. நாலைந்தைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால் நெல் காயப்போடப் படுதா. கம்பு நட்டுச் சுற்றிக் கட்டினால் பெண்கள் குளிக்க மறைப்பு. அடிமுனை ஒன்றை இன்னொன்றுக்குள் குத்தித் தள்ளித் தலையில் மாட்டினால் கொங்காணி.

ஆனி, ஆடி மழையில் ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து கம்பமெட்டு ஏறுவார்கள். எல்லார் மடியிலும் தூக்குவாளி, கொங்காணி. கம்பெனிக்காரன் பேரை முதுகில் சுமந்து இடுக்கிக் காடெல்லாம் நடந்தவர்கள் அவர்கள். விளம்பரத்துக்குக் கூலி யாரும் தரவில்லை.

அமெரிக்காவில் 1930-களின் பஞ்சத்தில் ஏழைப் பெண்கள் மாவுச் சாக்கில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அது தெரிந்ததும் மாவுக் கம்பெனிகள் பூப்போட்ட துணியில் சாக்குத் தைத்தன. துவைத்தால் போகிற மையில் பேரை அச்சடித்தன. எங்கள் யூரியாச் சாக்கில் எந்தக் கம்பெனியும் பூப்போடவில்லை. எழுத்தும் லேசில் போகாது.

எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் என் பள்ளிக்கூடப் பை உரச்சாக்கில் தைத்தது. பையன்கள் எனக்கு வைத்த பேர் 'யூரியா'. ஒருநாள் அழுது அடம்பிடித்து, எழுத்து உள்ளே போகிற மாதிரி பையைத் திருப்பித் தைக்கச் சொன்னேன். அம்மாச்சி தையலைப் பிரித்தபடியே கேட்டாள்: "எழுத்து வெளிய தெரிஞ்சா என்னய்யா? நானும் அதத்தான போத்திக்கிட்டு மலைக்குப் போறேன்." நான் பதில் சொல்லவில்லை. திருப்பித் தைத்த பையைத்தான் கொண்டுபோனேன்.

அதே காலத்தில் மஞ்சப்பை என்றாலும் கேலிதான். ஜவுளிக்கடைப் பேர் போட்ட அந்தப் பைக்கு விமோசனம் கிடைத்துவிட்டது. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசுத் திட்டமே வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது துணி. கௌரவமாகத் திரும்பி வர அதற்கு வழி இருந்தது. உரச்சாக்கு பிளாஸ்டிக் ஜாதி. அதற்கு யார் விழா எடுப்பார்கள்?

2018-ல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனது. "சாக்கு சிறுத்துப்போச்சு, கொங்காணி முழங்காலுக்கு எட்டல" என்றாள். விலையைப் பற்றியெல்லாம் அவள் பேசவில்லை.

அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் நிறத்தையும் படத்தையும் பார்த்து எந்தக் கம்பெனி மூட்டை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க மானிய உரத்துக்கு ஒரே பேர், 'பாரத்'. மூட்டையின் முகப்பில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கும் பிரதமர் பெயரிலான திட்டத்துக்கும். மிச்சம் ஒரு பங்குதான் கம்பெனிக்கு.

முதன்முதலாக அந்த மூட்டை வீட்டுக்கு வந்தபோது அம்மாச்சி அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"ஏய்யா, இது யாரு மூடை?"

குனிந்து கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, வாய்த்தையலில் முனை எந்தப் பக்கம் என்று விரலால் தடவ ஆரம்பித்தாள்.