கைக்காசு மருத்துவம்: மூன்று மாநிலங்கள், மூன்று வழிகள்

2019-20ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கில் உத்தரப் பிரதேசமும் கேரளமும் அருகருகே நிற்கின்றன. மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் குடும்பங்கள் கைக்காசாகக் கொடுப்பது உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் அது பாதிக்கும் குறைவு. குழந்தை இறப்பு மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்றும் மிக அதிகமான மாநிலங்களில் ஒன்றும் ஒரே வரிசையில் வருவது எப்படி?

விடையைத் தேட 1980களுக்குப் போக வேண்டும். 1986-87இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, உள்நோயாளிகளில் சுமார் 60 சதவீதத்தினர் அரசு மருத்துவமனைகளை நாடினர். 1995-96இல் அது 45 சதவீத அளவுக்கு இறங்கியது. விலைக் கட்டுப்பாட்டில் 1979இல் 347 மருந்துகள் இருந்தன. 1995ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் எழுபது சொச்சமே மிஞ்சின. நாடு முழுவதையும் தாக்கிய இந்த மாற்றத்தை மாநிலங்கள் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன.

கேரள அரசு நிதி நெருக்கடியில் இருந்தது. 1986க்கும் 1996க்கும் இடையில் அரசுப் படுக்கைகள் சுமார் 36,000இலிருந்து 38,000 ஆயின. தனியார் படுக்கைகளோ 49,000இலிருந்து 67,000ஐத் தாண்டின. வளைகுடாப் பணமும், நோயை அலட்சியப்படுத்தாத படித்த மக்களும் அந்தப் படுக்கைகளை நிரப்பினார்கள். உத்தரப் பிரதேசத்தில் நடந்தது வேறு. ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம் இருந்தாலும் மருத்துவரோ மருந்தோ இல்லாத ஊர்களில், 'ஜோலா சாப்' என்று அங்கே சொல்லப்படும் பட்டமில்லா வைத்தியரிடம் காசு போனது. ஒன்று வசதியால் வந்த செலவு. மற்றொன்று வேறு வழியில்லாததால் வந்த செலவு.

தமிழ்நாட்டின் திருப்பம் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு முன் 'மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்ற பேச்சு அரசு ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். ஐ.ஏ.எஸ். அதிகாரி பூரணலிங்கம் முன்னின்று வடிவமைத்த ஏற்பாடு எளிமையானது: வணிகப் பெயரில்லாத மருந்துகளுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, மாவட்டக் கிடங்குகள், ஆய்வகச் சோதனை முடிந்த பிறகே விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கு போல ஒரு பாஸ்புக். அதில் வரவு வைத்த தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டதால் அது வெளிக்கடைக்குப் போவதும் கடினமாயிற்று. ராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதையே முன்மாதிரியாகக் கொண்டது. குடும்பங்களின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி அறுவைச் சிகிச்சைக்கல்ல, மருந்துக்கே போகிறது என்பதால்தான், வெளியே அதிகம் பேசப்படாத இந்தக் கிடங்கு நிர்வாகம் எந்தக் காப்பீட்டையும்விட முக்கியமானது என்பது என் கணிப்பு.

2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தது. இரண்டுமே பெரும்பாலும் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கானவை. மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவருக்கு அவற்றால் பெரிய பயன் கிடைத்ததில்லை.

இந்திய அளவில் கைக்காசின் பங்கு 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4. இந்தச் சரிவை அப்படியே கொண்டாட முடியாது. 2017-18 முதல் கணக்குக்கு அடிப்படையான மாதிரி ஆய்வே மாறியது. புதிய ஆய்வில் தமக்கு நோய் இருப்பதாகச் சொன்னவர்களே முந்தையதைவிடக் குறைவு. தவிர, காசில்லாமல் வைத்தியமே செய்துகொள்ளாதவரின் செலவு இந்தக் கணக்கில் பூஜ்யம். விகிதம் மறைக்கும் இன்னொன்றும் உண்டு: ஆளுக்கு ஆகும் தொகையைப் பார்த்தால் கேரளக் குடும்பம் கொடுப்பது உத்தரப் பிரதேசக் குடும்பத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணைகளில் விகிதத்துக்குப் பக்கத்திலேயே ஆளொன்றுக்கான தொகையையும், சிகிச்சை பெறாமல் விட்டவர்களின் எண்ணிக்கையையும் அரசு வெளியிட வேண்டும்.