அரசி நகரத்தின் அடைத்த கதவுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், ஓஹையோ நதியின் வடகரையில், மூன்று லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையோடு அமைந்திருக்கும் சின்சினாட்டி, பார்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கு ஏதுமில்லாத ஊரன்று. 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ரோப்லிங் என்ற பொறியாளரின் தொங்கு பாலமும், 1878இல் எழுந்த சங்கீத மண்டபமும், 1933இல் கட்டி முடிக்கப்பட்ட யூனியன் டெர்மினல் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான கூரையும், ஜெர்மானியக் குடியேறிகள் நிர்மாணித்த செங்கல் வீடுகள் நிறைந்த தெருக்களும் எந்த நகரத்துக்கும் பெருமை தரத் தக்கவை. அவ்வூரார் தங்கள் ஊரை அரசி நகரம் என்று அழைத்துக்கொள்வதும் காரணமில்லாமல் அன்று. ஆயினும், பல நிறத்தாரும் பல வாழ்க்கை முறையினருமான யாத்திரிகர்களைத் தன்பால் ஈர்ப்பதில் அது நெடுங்காலம் தடுமாறி வந்திருக்கிறது. விளம்பரம் போதாமையே இதற்குக் காரணம் என்று கருதுவோர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. வாசலில் வந்து நின்றவர்களை நிறம் பார்த்துத் திருப்பியனுப்பிய ஓர் ஊர், அப்படித் திருப்பப்பட்டவர்களுக்கு இலை போட்டு உபசரித்த தன் பிரஜைகளின் வீடுகளையும் பிற்காலத்தில் தானே இடித்துத் தள்ளிவிட்டதென்றால், அதன்பின் எத்தனை வர்ணப் பத்திரங்களை அச்சிட்டு அழைத்தாலும் ஜனங்கள் தயங்கத்தான் செய்வார்கள்.

அந்த ஊரின் சரித்திரம் நதியிலிருந்தே தொடங்குகிறது. தென்கரையில் கென்டக்கி, அது அடிமை முறை நிலவிய ராஜ்யம். வடகரையில் ஓஹையோ, அங்கே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கரையில் விலங்கோடு நின்றவனுக்கு இக்கரை விடுதலையின் பூமியாகத் தோன்றியது இயற்கையே. ஆனால் கரையேறியவர்களை எதிர்கொண்டது வேறொரு சட்டம். 1807ஆம் ஆண்டின் ஓஹையோ சட்டப்படி, அந்த ராஜ்யத்தில் குடியேறும் கறுப்பர் ஒவ்வொருவரும் இருபது நாட்களுக்குள் 500 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். ஏட்டளவில் தூங்கிக் கிடந்த அந்த விதியை 1829இல் நகர அதிகாரிகள் அமல்படுத்த முனைந்தார்கள். அத்துடன் நில்லாமல் வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பர் வாழ்ந்த பகுதியைத் தாக்கவும் செய்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினார்கள்; அவர்களில் ஒரு பகுதியினர் கனடாவுக்குச் சென்று வில்பர்போர்ஸ் என்ற குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள். 1836இல் அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றின் அச்சு இயந்திரம் நொறுக்கப்பட்டது. 1841இல் நடந்த கலகத்தில் கலகக்காரர்கள் பீரங்கியையே கொண்டுவந்து கறுப்பர் குடியிருப்பை நோக்கிச் சுட்டார்கள். இத்தனைக்கும் நடுவே, தப்பி வந்தவர்களை மறைத்து வைத்து வடக்கே அனுப்பிய தர்மவான்கள், கறுப்பரும் வெள்ளையருமாக, அதே நகரத்தில்தான் வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வால்நட் ஹில்ஸ் என்ற மேட்டுப் பகுதியில் ஒரு வீடு இருக்கிறது. 'டாம் மாமாவின் குடிசை' என்ற நாவலைப் பின்னாளில் எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ, 1832இல் தம் தந்தையின் குடும்பத்தோடு சின்சினாட்டிக்கு வந்து வாழ்ந்த வீடு அது. அதன் சரித்திரம் ஸ்டோ அம்மையாரோடு முடிந்துவிடவில்லை. நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் 1936 முதல் வெளியிட்டு வந்த 'பச்சைப் புத்தகம்' என்னும் வழிகாட்டியில், கறுப்பினப் பிரயாணிகள் அவமானமும் ஆபத்தும் இன்றித் தங்கவும் உண்ணவும் கூடிய இடங்கள் ஊர்வாரியாகக் குறிக்கப்பட்டிருந்தன; அந்தப் பட்டியலில் எட்ஜ்மாண்ட் இன் என்ற பெயரோடு இதே வீடு இடம் பெற்றது. அடிமைத்தனத்தை எதிர்த்து உலகையே உலுக்கிய எழுத்தாளர் வாழ்ந்த வீட்டில், நூறாண்டு கழித்தும், வேறெங்கும் இடம் கிடைக்காத பிரயாணிக்குக் கறுப்பரே இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்பது எவர் மனத்தையும் வருத்தும் உண்மை.

அதே பகுதியில் சாப்பல் தெருவில் மான்ஸ் ஹோட்டல் இருந்தது. ஹொரேஸ் சடத் என்ற கறுப்பின வியாபாரி நடத்திய அந்த ஸ்தாபனத்தில்தான், நகர மத்தியின் பெரிய ஹோட்டல்களில் அறை மறுக்கப்பட்ட டியூக் எல்லிங்டன் போன்ற மகா வித்வான்கள் தங்கினார்கள். மேடையில் கேட்டுக் கைதட்டிய நகரம், கச்சேரி முடிந்ததும் அவர்களுக்குப் படுக்க இடமில்லை என்றது! நதியருகே வெஸ்ட் எண்ட் பேட்டையில் ஸ்டெர்லிங் ஹோட்டலுக்குள் காட்டன் கிளப் என்ற சங்கீத விடுதி இருந்தது. இரு நிறத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து ஜாஸ் கேட்ட அபூர்வமான இடம் அது. சடத்தும் அவரைப் போன்றோரும் அன்று செய்ததை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நகரம் செய்யத் தவறிய விருந்தோம்பலை அவர்கள் நகரத்தின் சார்பில் செய்து வந்தார்கள்.

உல்லாச ஸ்தலங்களின் கதையும் இதுவே. நதிக்கரையில் கோனி ஐலண்ட் என்ற பெயரில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1952இல் தொலைக்காட்சியில் அதன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மரியன் ஸ்பென்சர் என்ற மாதின் இரண்டு சிறு பையன்களும் அங்கே போக வேண்டுமென்று தாயை நச்சரித்தார்கள். அவர் பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, எல்லாக் குழந்தைகளும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது. நாங்கள் நீக்ரோக்கள் என்று அவர் சொன்னதும் மறுமுனைக் குரல் மாறிவிட்டது. அனுமதியில்லை என்றும், விதியை வகுத்தது தான் அல்ல என்றும் அங்கிருந்த பெண் வருத்தத்தோடு சொன்னாள். அது எனக்குத் தெரியும், வகுத்தவர் யாரென்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று ஸ்பென்சர் பதிலளித்தார். பூங்காவின் வாயிலுக்கு நேரில் சென்றபோது துப்பாக்கி ஏந்திய காவலாளி தடுத்தான். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1955இல் பூங்காவின் கதவு திறந்தது. ஆனால் நீச்சல் குளமும் நடன மண்டபமும் எல்லாருக்கும் திறக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷம்! விளம்பரம் பார்த்துக் கேட்ட சிறுவர்கள் அதற்குள் வாலிபப் பருவத்தை எட்டிவிட்டார்கள். அந்த அம்மையார் பிற்காலத்தில் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணியானார் என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தி.

பூங்காவின் கதவுகள் இப்படி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான், வெஸ்ட் எண்ட் இடிக்கப்பட்டது. புதிய நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் வேண்டுமென்று கென்யன்-பார் திட்டம் என்ற பெயரில் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஏறக்குறைய எல்லாருமே கறுப்பர். இடிக்குமுன் கட்டடம் கட்டடமாக நகர நிர்வாகம் புகைப்படம் எடுத்து வைத்தது. கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் ஆள், எண் எழுதிய பலகை ஒன்றைப் பிடித்தபடி ஒவ்வொரு வீட்டின் முன்னும் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஜன்னல் திரைகளும், கடையின் பெயர்ப் பலகைகளும், சில படங்களில் அங்கே குடியிருந்தவர்களும் தெரிகிறார்கள். இழக்கப் போவதை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்துவிட்டு இழந்த நகரம் வேறொன்று உண்டோ என்று கேட்கத் தோன்றுகிறது. காட்டன் கிளப் இருந்த கட்டடமும் அத்துடன் போயிற்று. நியூ ஆர்லியன்ஸும் மெம்பிஸும் தங்கள் கறுப்பின மக்களின் சங்கீதத் தெருக்களைக் காட்டி யாத்திரிகர்களை அழைக்கின்றன. சின்சினாட்டி தன்னுடைய தெருவைக் கிடங்குகளாக மாற்றிக்கொண்டது. ஜேம்ஸ் பிரௌன் பாடிப் பதிவு செய்த கிங் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் கட்டடம்கூடப் பல்லாண்டு பாழடைந்து கிடந்து, 2018இல்தான் நகரத்தின் கைக்கு வந்தது.

பின்னர் நடந்தவை பழைய ஞாபகங்களை ஆறவிடவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூலையில், ஜாஸ் விழாவுக்காகக் கறுப்பின யாத்திரிகர்கள் பெருந்திரளாக வந்திருந்த வார இறுதியில், நகர மத்தியின் உணவு விடுதிகள் சில கதவடைத்தன. அடுத்த ஏப்ரலில் ஆயுதமற்ற பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட, கலகம் மூண்டது. அதைத் தொடர்ந்த பகிஷ்காரத்தில் விண்டன் மார்சாலிஸ், வூப்பி கோல்ட்பர்க் முதலிய கலைஞர்கள் நகரத்துக்கு வர மறுத்தார்கள். ஒருபால் ஈர்ப்புடையோருக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் இயற்றுவதையே தடுத்து 1993இல் வாக்காளர்கள் சேர்த்த விதி, 2004இல் நீக்கப்படும் வரை, வேறொரு சாராரையும் தூரத்தில் நிறுத்தியிருந்தது.

அதே 2004இல் நதிக்கரையில் 110 மில்லியன் டாலர் செலவில் திறக்கப்பட்டது, அடிமை முறையின் சரித்திரத்தைச் சொல்லும் சுதந்திர மையம் என்னும் காட்சிசாலை. அதன் நடுவே, கென்டக்கியின் மேசன் மாவட்டத்துப் பண்ணையொன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மரக்கட்டைக் கொட்டில் நிற்கிறது. விற்பனைக்காகத் தெற்கே ஓட்டிச் செல்லப்படவிருந்த அடிமைகளை அடைத்து வைத்த அந்தக் கொட்டிலின் மேல்தள உத்தரத்தில் சங்கிலி கோத்த இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. அவசியம் பார்க்க வேண்டிய இடம். எனினும் எதிர்பார்த்த கூட்டம் நீடிக்கவில்லை. பண நெருக்கடி மிகுந்து, 2012இல் அது நகரின் பெரிய காட்சிசாலை ஸ்தாபனத்தோடு இணைக்கப்பட்டது. இதில் வியப்பில்லை. துயரத்தைத் தரிசிக்க ஒருவர் ஒரு முறை வருவார். குடும்பத்தோடு மறுமுறை வருவதற்கு உணவும் பாட்டும் பரிச்சயமான முகங்களும் வேண்டும். அவற்றைத் தந்துகொண்டிருந்த தெருவோ மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இதற்கு எதிர்ச்சான்றும் அந்நகரத்திலேயே உண்டு. 1962இல் ஓஹையோ பள்ளத்தாக்கு ஜாஸ் விழா என்று தொடங்கிப் பெயர் மாறி வளர்ந்த சங்கீத விழாவுக்கு, இன்றும் ஜூலை மாதத்தில் பல ராஜ்யங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2023இல் நகரசபை வெஸ்ட் எண்டை இடித்ததற்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது. ஸ்டோவின் வீட்டையும் இப்போது இரு காலத்துக்கும் உரியதாகப் புதுப்பித்து, ஒரு பகுதியை நாவலாசிரியரின் காலத்துக் கூடமாகவும், மற்றொரு பகுதியை எட்ஜ்மாண்ட் விடுதியாகவும் காட்டுகிறார்கள். கிங் ரெக்கார்ட்ஸ் கட்டடத்தையும் இதே சிரத்தையோடு சீர்செய்து, அங்கே பாடியவர்களையும் வாசித்தவர்களையும் அறிந்த அக்கம்பக்கத்தாரிடமே அதைக் காட்டும் பொறுப்பை நகரசபை ஒப்படைக்க வேண்டும். அவர்களில் முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.