அலிசோ கேன்யன்: 1979-ல் கழற்றிய ஒரு வால்வு

வீட்டில் கேஸ் கசிந்தால் குப்பென்று ஒரு நாற்றம் வருமே, அது கேஸின் சொந்த நாற்றம் இல்லை. கசிவது தெரியட்டும் என்று கலந்து விடுகிற கந்தகச் சேர்மம் அது. 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடமேற்கில், போர்ட்டர் ராஞ்ச் பகுதி மக்களை எழுப்பியதும் இதே நாற்றம்தான். தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம். கடைசியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு இடம் போக வேண்டியதாயிற்று. இரண்டு பள்ளிக்கூடங்களும் இடம் மாறின.

நாற்றம் வந்தது பின்னால் இருந்த மலையிலிருந்து. அங்கே அலிசோ கேன்யன் என்ற பழைய எண்ணெய் வயல். எண்ணெய் தீர்ந்த பாறை அடுக்கை 1970-களில் இயற்கை எரிவாயுக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். தேவை குறைந்த காலத்தில் நிலத்துக்குள் அழுத்தி வைத்து, குளிர்காலத்தில் எடுத்துக் கொடுப்பது. குதிரில் நெல் போட்டு வைப்பது மாதிரிதான். ஆனால் குதிருக்கு வாய் ஒன்று. இதற்கோ நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள்!

அதில் ஒன்று எஸ்.எஸ்-25. 1953-ல் எண்ணெய்க்காகத் தோண்டியது. ஆபத்து வந்தால் பூமிக்கு அடியிலேயே வாயுவை அடைக்கும் பாதுகாப்பு வால்வு அதில் இருந்தது. 1979-ல் அதைக் கழற்றினார்கள், மறுபடி பொருத்தவில்லை. கிணறு வீடுகளை ஒட்டி இல்லாததால் சட்டமும் வற்புறுத்தவில்லை. போதாததற்கு உள்குழாய், அதைச் சுற்றிய வெளிக்குழாய் இரண்டிலுமே வாயு ஓடியது. வெளிக்குழாய் உடைந்தால் தடுக்க வேறு சுவர் கிடையாது.

அதுதான் உடைந்தது. நிலத்தடி நீரும் நுண்ணுயிரிகளும் வெளியிலிருந்து அரித்ததில், சுமார் 890 அடி ஆழத்தில் குழாய் பிளந்துவிட்டது என்று 2019-ல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அதே வயலில் முன்பும் 60-க்கு மேற்பட்ட குழாய்க் கசிவுகள் நடந்திருக்கின்றன. ஏன் என்று ஒன்றைக்கூட ஆராயவில்லை. அடைத்தார்கள், அடுத்த வேலைக்குப் போனார்கள். (இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.)

மேலிருந்து கனமான திரவத்தைச் செலுத்தி அடைக்க ஏழு முறை முயன்றும் பலிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பிடித்த பிறகுதான், 2016 பிப்ரவரி 11-ல் வாயு நின்றது. இதற்கிடையே ஸ்டீபன் கான்லி என்ற விஞ்ஞானி சிறு விமானத்தில் கருவிகளோடு பறந்து அளந்துகொண்டிருந்தார். அவர் குழுவின் கணக்குப்படி வெளியேறிய மீத்தேன் சுமார் 97,100 டன். உச்சத்தில் மணிக்கு 60 டன் வரை! லாஸ் ஏஞ்சல்ஸ் படுகை முழுவதும் வெளிவிடும் மீத்தேனுக்குச் சமமாக இந்த ஒரு ஓட்டையே விட்டது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது.

இப்போது பணக் கணக்கு. அன்றைய சந்தை விலையில் பறந்துபோன வாயுவின் மதிப்பு ஒன்றரைக் கோடி டாலரைத் தொடாது. சரக்கு நஷ்டம் என்று பார்த்தால் பெரிய கம்பெனிக்கு அது தூசு. ஆனால் 2021-ல் பாதிக்கப்பட்ட 35,000-க்கு மேற்பட்டவர்களோடு சமரசத்துக்குச் சதர்ன் கலிஃபோர்னியா கேஸ் நிறுவனமும் அதன் தாய் நிறுவனமும் ஒப்புக்கொண்ட தொகை 180 கோடி டாலர் வரை. காற்றில் கலந்த மீத்தேனின் விலை இதில் தனி.

கலிஃபோர்னியா 2018-ல் விதிகளை மாற்றியது. இனி உள்குழாயில் மட்டுமே வாயு ஓட வேண்டும், வெளிக்குழாய் காவலுக்கு.