முன்தண்டனை சாட்சியமான வரலாறு

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்துவந்த சட்டத்தின்படி, கொடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறவே தகுதியற்றவர். கொலையைக் கண்ணால் கண்டிருந்தாலும் அவர் சாட்சியம் ஏற்கப்படாது. டென்மன் பிரபுவின் பெயரால் அறியப்படும் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தடையை நீக்கியபின், தண்டனை பெற்றவர் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தத் தண்டனையை எடுத்துப் போட்டு, அவருடைய நம்பகத்தன்மையைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு வழி இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவரே தம் வழக்கில் சத்தியம் செய்து சாட்சியம் அளிக்கும் பொது உரிமை அங்கே 1898-இல்தான் வந்தது. அவரையும் மற்றச் சாட்சிகளைப் போலவே கேள்வி கேட்கலாம் என்றால், முன்பு திருடியவர் என்று கேட்ட ஜூரி, அவர் சொல் பொய் என்பதோடு நிற்காமல் இந்தத் திருட்டும் அவருடையதே என்று முடிவுகட்டிவிடும். ஆகவே அச்சட்டம் ஒரு காப்பு அளித்தது: தம் நன்னடத்தையை அவரே முன்வைத்தாலோ, அரசுத் தரப்புச் சாட்சிகளின் நடத்தையைத் தாக்கினாலோ, உடன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்னாலோ ஒழிய, பொதுவாக முன்தண்டனை பற்றி அவரிடம் கேட்கலாகாது. காப்பு விலகிய வழக்குகளில், முன்தண்டனையை நம்பகத்தன்மைக்கு மட்டுமே எடைபோட வேண்டும், குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று நீதிபதி ஜூரிக்கு அறிவுறுத்துவார். கேட்டதை இப்படிப் பாதி மட்டும் கேட்டதாக வைத்துக்கொள்ளப் பன்னிரண்டு பேரால் முடியும் என்பது சட்டம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதலே.

இந்தியாவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கெட்ட நடத்தை பொதுவாக வழக்குக்குத் தொடர்பற்றது என்றது. ஆனால் அவர் முன்பு தண்டிக்கப்பட்டவர் என்ற செய்தி தொடர்புடையது என்றும் அதே மூச்சில் சொன்னது. மாடு திருடியதாகக் கொண்டுவரப்பட்டவர்மீது ஊர் சொல்லும் பழியை விலக்கிய சட்டம், அவருடைய பழைய சிறைவாசத்தைக் கேட்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. 1891-ஆம் ஆண்டுத் திருத்தம்தான், எதிரி தம் நன்னடத்தைக்குச் சான்று காட்டினால் ஒழிய முன்தண்டனையையும் பேசலாகாது என்று அதைச் சாத்தியது.

அப்போதும் தண்டனையைக் கூட்டுவதற்கு முன்தண்டனை தேவைப்பட்டது. அதை நிரூபிக்கப் பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலோ சிறை அதிகாரியின் சான்றிதழோ போதாது. அதில் கண்ட ஆள் இவர்தான் என்பதையும் காட்ட வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்பவர்களிடம் இது எளிதாக இல்லை. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்ததற்கு முக்கியக் காரணம் இதுவே.

நம்பகத்தன்மை என்ற கேள்வியோ இங்கே நெடுங்காலம் எழவே இல்லை. எதிரி நீதிபதியின் கேள்விகளுக்குச் சத்தியமின்றி விளக்கம் தரலாம், அவ்வளவே. சாட்சியாக ஏறும் பொது உரிமை 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் கிடைத்தது. அவரே எழுத்தில் கேட்டால் ஒழியச் சாட்சியாக அழைக்கக் கூடாது, ஏறாவிட்டால் அதைக் குறைகூறக் கூடாது என்ற காப்புகள் வந்தன; ஆனால் முன்தண்டனை பற்றிய கேள்விக்கு 1898-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் தந்ததைப் போன்ற தனி ஏற்பாடு எழுதப்படவில்லை. சாதாரணச் சாட்சி தம் முன்தண்டனையை மறுத்தால் அதை ஆவணத்தால் மெய்ப்பிக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. எதிரிகள் பெரும்பாலும் கூண்டில் ஏறாமலே இருந்துவிடுவதில் வியப்பில்லை.

ஜூரியின் காதில் விழக் கூடாது என்பதற்காகப் பழைய நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: முன்தண்டனையைக் குற்றச்சாட்டில் எழுதலாம், ஆனால் எதிரி குற்றவாளி எனத் தீர்மானிக்கப்படும் வரை அதை வாசிக்கக் கூடாது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியைக் கைவிட்டும் அந்த விதியைக் கைவிடவில்லை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆகவே செஷன்ஸ் நீதிபதி, முந்திய தண்டனையின் தேதியையும் இடத்தையும் தாமே குற்றச்சாட்டில் எழுதுகிறார். விசாரணை தொடங்கும்போது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கிறார். சாட்சியங்களை எடைபோட்டுத் தீர்ப்பு எழுதுபவரும் அவரே.